தேசிக்காய்த் தண்ணீரும் சீனிப்பாணியும்: எமது விருந்து மேசையின் ஒரு சிறு வரலாறு

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் அரும்பணியும், கட்டடங்கள் எழுந்த கதையும், விளையாட்டு வெற்றிகளும் இடம்பெறுவது வழமை. இம்மலரிலும் அவற்றை உரியவர்கள் எழுதியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது அந்த விழாக்கள் எல்லாவற்றிலும் தட்டத்தில் வைத்து எமக்கு நீட்டப்பட்ட ஒரு கிளாஸ் பானம். பரிசளிப்பு விழா, இல்ல விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் தினம், உயர்தர மாணவிகளின் பிரியாவிடை, பழைய மாணவிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டம் என்று எதுவாயினும், தேசிக்காய்ப் புளியும் சீனிப்பாணியும் கலந்த ஒரு பானம் மேசையில் இருந்தது. சில ஆண்டுகளில் அது றோஸ் நிறத்தில் வந்தது. சில ஆண்டுகளில் நன்னாரி மணத்துடன் வந்தது. இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் எம் சகோதரிகள் ஒன்றுகூடும்போதும் அதே பானத்தைக் கலக்குகிறார்கள்.

வைத்தியராகிய எனக்கு இதில் இரண்டு வகையான அக்கறை உண்டு. முதலாவது, இப்பானம் மருந்தாகப் பிறந்து, பின்னரே விருந்துக்கு வந்தது. இரண்டாவது, சீனியைக் குறையுங்கள் என்று நாளாந்தம் நோயாளருக்குச் சொல்வது என் தொழில். அந்த நோயாளர் வரிசையில் என்னுடன் படித்தவர்களும் எனக்குப் படிப்பித்தவர்களும் இருக்கிறார்கள். நூற்றாண்டு விழா மேசையில் இந்தப் பானம் இருக்க வேண்டுமா, எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதன் வரலாற்றிலிருந்தே விடை தேடலாம் என்பது என் எண்ணம்.

பழமும் பெயரும்

நாம் தேசிக்காய் என்பதைத் தமிழகத்தார் எலுமிச்சை என்பர். மேல்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பெரிய மஞ்சள் லெமன் வேறு பழம். ஆனால் இரண்டும் உறவுக்காரர். இமயமலையின் தென்கிழக்கு அடிவாரமே தோடை இனங்களின் தாயகம் என 2018 இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சிற்றன் என்னும் தடித்த தோலுள்ள பழமரம் ஒரு காட்டு இனத்துடன் கலந்து தேசி பிறந்தது. அதே சிற்றன் புளித்தோடையுடன் கலந்து லெமன் பிறந்தது. ஆகவே யாழ்ப்பாணத்துக் கிணற்றடித் தேசிக்கும் இத்தாலியத் தோட்டத்து லெமனுக்கும் தகப்பன் மரம் ஒன்றே.

பெயர்களும் இவ்வாறே ஊர் சுற்றியவை. அரபு மொழியில் குடித்தலைக் குறிக்கும் ஒரு வேர்ச்சொல்லிலிருந்து சர்பத் என்ற சொல் வந்தது. ஆங்கிலத்தில் சிரப் என்று வழங்குவதும் அதே வேரிலிருந்து பிறந்ததே. சர்க்கரை என்ற சொல் வடமொழியிலிருந்து பாரசீகம், அரபு வழியாக மேற்கே சென்று ஆங்கிலத்தில் சுகர் ஆயிற்று. நாம் வெள்ளைச் சீனிக்கு இட்ட பெயரோ சீன தேசத்தை நினைவூட்டுவது. எமது சமையலறையில் பாணி காய்ச்சும்போது நாம் எடுக்கும் பொருள்களின் பெயர்களிலேயே பாதி ஆசியா அடங்கிவிடுகிறது.

மருந்துத் தட்டு

சீனி நெடுங்காலமாக மருந்துக் கடைச் சரக்கு. மத்தியகால அரபு வைத்தியர்கள் பழச்சாற்றையும் பூவையும் வேரையும் சீனியுடன் காய்ச்சிப் பாணியாக்கி வைத்தனர். 12 ஆம் நூற்றாண்டில் எகிப்தில் சுல்தான் சலாதீனின் வைத்தியராக இருந்த இப்னு ஜுமை எலுமிச்சையைப் பற்றியும் அதன் பானத்தைப் பற்றியும் தனி நூலே எழுதினார். தாகத்துக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் எலுமிச்சைப் பானம் கொடுப்பது அக்கால வைத்தியத்தில் இயல்பான காரியம்.

பாணி காய்ச்சுவதற்குக் காரணம் இனிப்பு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. நிறையில் மூன்றில் இரண்டு பங்கு சீனியாக இருக்கும் பாணியில் கிருமிகள் பெருகுவதற்கு வேண்டிய நீர் கிடைப்பதில்லை. சீனி நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகையால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்திலும் ஒரு போத்தல் பாணி வாரக்கணக்கில் கெடாது நின்றது. பிரித்தானிய மருந்து நூலில் சாதாரண சிரப்பின் அளவு 100 கிராமில் 66.7 கிராம் சீனி என்று குறிக்கப்பட்டுள்ளது. அம்மாமார் கையளவில் "இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர்" என்று சொல்லிக்கொடுத்ததும் இதே கணக்குத்தான். கசப்பு மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்தியசாலை மருந்துக் கலவையாளர் பாவித்ததும் இதே பாணியே.

எமது பக்கத்தில் நன்னாரி இதற்கு நல்ல உதாரணம். சிங்களத்தில் இரமுசு எனப்படும் இக்கொடியின் வேர், உடற்சூட்டைத் தணிப்பதென்று சித்த, ஆயுள்வேத வைத்தியத்தில் பாவிக்கப்பட்டது. அதன் மணத்துக்குக் காரணமான பொருள் வனிலாவின் மணப்பொருளுக்கு மிக நெருங்கிய இரசாயன அமைப்புடையது. அதனால்தான் நன்னாரிப் பாணி சிறுவருக்கும் உடனே பிடித்துவிடுகிறது. தில்லியில் யூனானி வைத்தியரான ஹக்கீம் அப்துல் மஜீத் கோடைச் சூட்டுக்காகத் தயாரித்த ரூஹ் அஃப்சா என்னும் சிவப்புப் பாணியும் மருந்துக் கடையில் பிறந்து விருந்து மேசைக்கு வந்ததே.

ஐரோப்பாவில் இப்பானம் 17 ஆம் நூற்றாண்டில் வீதிக்கு வந்தது. பரிஸ் நகரில் லெமனேட் விற்போர் 1676 இல் அரச அங்கீகாரம் பெற்ற தனிச் சங்கமாயினர். அக்காலத்துச் சமையற்காரர் கட்டிச் சீனியைப் பழத்தோலின் மீது உரசித் தோலிலுள்ள எண்ணெயை அதில் ஏற்றினர். எலுமிச்சையின் மணம் சாற்றைவிடத் தோலிலேயே மிகுதி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கப்பலில் நடந்த சோதனை

மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் கதை ஒன்று இப்பழத்தைச் சார்ந்தது. நீண்ட கடற்பயணத்தில் மாலுமிகளின் முரசு வீங்கி இரத்தம் கசிந்து, பழைய காயங்கள் மீண்டும் திறந்து, பலர் இறந்தனர். 1747 ஆம் ஆண்டு மே மாதம் சொல்ஸ்பரி என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பலில் வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட் இந்நோயுற்ற 12 பேரைத் தெரிந்தெடுத்து ஆறு சோடிகளாகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே உணவு. ஆனால் ஒவ்வொரு சோடிக்கும் வெவ்வேறு சிகிச்சை. ஒரு சோடிக்கு நாளொன்றுக்கு இரண்டு தோடம்பழமும் ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்தார். பழம் ஆறு நாளில் முடிந்துவிட்டது. அதற்குள்ளேயே அவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறினார். சிகிச்சைகளை ஒப்பிட்டுச் சோதிக்கும் முறைக்கு இது முன்னோடி என்று கொள்ளப்படுகிறது.

எனினும் கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கத் தொடங்கியது 1795 இல். கண்டுபிடிப்புக்கும் கட்டளைக்கும் இடையில் கழிந்தது ஏறக்குறைய அரை நூற்றாண்டு. 1867 இல் வணிகக் கப்பல்களுக்கும் இது சட்டமாயிற்று. அதே ஆண்டில் ஸ்கொத்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லோக்லன் ரோஸ், தேசிச் சாற்றை மதுசாரம் சேர்க்காது சீனியுடன் கெடாது வைக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். கோடியல் என்று எமது வீடுகளில் வழங்கிய போத்தல் பானங்களின் முன்னோடி அது. பழத்தில் நோய் தீர்த்த பொருள் விற்றமின் சி என்பது 1930களிலேயே நிறுவப்பட்டது. அது சூட்டில் அழியக்கூடியது. காய்ச்சும் பாணியில் தேசிப்புளியைச் சேர்க்காமல் ஆறிய பின் சேர்க்க வேண்டும் என்ற சமையலறை விதிக்கு மணம் ஒரு காரணமென்றால், இது மற்றொரு காரணம்.

சீனியின் விலை

மருந்தாக இருந்த சீனி சாதாரண வீடுகளின் தேநீர் மேசைக்கு வந்தமைக்குக் காரணம் அதன் விலை இறங்கியமை. அந்த மலிவின் பின்னே பெருங்கொடுமை இருந்தது. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட இலட்சக்கணக்கான மக்கள் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்து மடிந்தனர்.

பெண்கள் கல்லூரி மலரில் எழுதும்போது இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விடமுடியாது. 1791 இல் பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை வியாபார ஒழிப்பு மசோதாவை நிராகரித்தது. பெண்களுக்கு வாக்குரிமை இல்லாத காலம் அது. ஆனால் வீட்டுக்கு எந்தச் சீனி வாங்குவது என்பது அவர்கள் கையில் இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பத் தலைவிகள் மேற்கிந்தியச் சீனியை மேசையிலிருந்து விலக்கினர். இவ்வாறு விலக்கியோர் தொகை மூன்று இலட்சத்துக்குக் குறையாது என அவ்வியக்கத்தின் முன்னணியாளர் தோமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். 1824 இல் எலிசபெத் ஹேய்ரிக் என்ற பெண்மணி, ஒழிப்பு படிப்படியாக அல்ல, உடனடியாக வேண்டும் என்று எழுதியதுடன் தம் ஊரில் சீனி விலக்கலையும் நடத்தினார். விருந்து மேசையில் எதை வைப்பது என்பது ஒழுக்கம் சார்ந்த தீர்மானமாகவும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

அடிமைமுறை ஒழிந்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் மொரிசியசுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருந்தொகையாகச் சென்றனர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து புறப்பட்ட முதற் கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றவர்களில் தமிழர் பலர். ஆகவே சீனியின் கதையில் எம்மினத்தவரின் வியர்வையும் கலந்துள்ளது.

மதுவில்லா விருந்து

தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதை எமது சமூகம் அறமாகக் கொண்டது. பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்த வரலாறு நாம் பாலபாடத்தில் படித்தது. யாழ்ப்பாணத் தெருக்களில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் அருகருகே இருந்தன. கோயில் திருவிழாக் காலங்களில் தாகசாந்தி நிலையங்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் தேசிக்காய்த் தண்ணீரும் சாதி, சமயம் கேளாது கொடுக்கப்பட்டன என்று எழுத எனக்கு விருப்பமே. ஆனால் வரலாறு எழுதும்போது உண்மையை மறைக்க முடியாது. யார் கிணற்றில் யார் அள்ளலாம், யாருக்கு மூக்குப்பேணி, யாருக்குச் சிரட்டை என்ற வேறுபாடு எமது ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு ஏற்ற மூக்குப்பேணி சுகாதாரத்துக்கு நல்லதுதான். அதே பேணி யாருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதும் எம் வரலாறே. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டத்தில் ஒரேவிதமான கிளாஸில் பானம் நீட்டிய பாடசாலை மேசை, அந்த வகையில் சிறிய காரியமன்று.

பெண்கல்வியும் இப்பானமும் வேறொரு வழியிலும் சந்தித்தன. 19 ஆம் நூற்றாண்டில் மதுவிலக்கு இயக்கம் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வலுப்பெற்றது. கணவன்மாரின் குடியால் துன்புற்ற பெண்களே அதன் பெரும்பலம். மதுவில்லாத விருந்துக்கு ஒரு பானம் தேவைப்பட்டது. 1877 முதல் 1881 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ் காலத்தில் வெள்ளை மாளிகை விருந்துகளில் மது வழங்கப்படவில்லை. அவருடைய மனைவி லூசி ஹேய்ஸுக்கு லெமனேட் லூசி என்ற பட்டப்பெயர் நிலைத்தது. கேலியாக வழங்கிய அப்பெயருக்கு உரியவர், ஜனாதிபதிகளின் மனைவியருள் கல்லூரிப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அதே அமெரிக்காவிலிருந்து 1816 இல் யாழ்ப்பாணம் வந்த மிசனரிமார் 1824 இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து நூல்களும் வெளியிட்டார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்காகக் கல்லூரி நிறுவினார். கிறிஸ்தவக் கல்லூரியாயினும் சைவக் கல்லூரியாயினும் விருந்து மேசையில் மதுவுக்கு இடமில்லை என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டன. தேநீரும் தேசிக்காய்த் தண்ணீரும் அந்த மேசைக்கு உரியவையாயின.

ஐஸும் சோடாவும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1833 இல் பொஸ்டனிலிருந்து கப்பலில் கல்கத்தாவுக்கு ஐஸ் வந்தது. கொழும்பில் 1866 இல் ஐஸ் கொம்பனி தொடங்கியது. 1872 இல் ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிப் போளையால் வாயை அடைக்கும் சோடாப் போத்தலுக்கு உரிமம் பெற்றார். இவை நகரத்துக் கடைகளை மாற்றின. பாடசாலை விருந்தோ இன்னும் பல தசாப்தங்களுக்குக் கிணற்றுத் தண்ணீரையும் மண்பானைக் குளிர்ச்சியையுமே நம்பியிருந்தது. 1970களில் படித்த அக்காமாருக்குக் கூப்பன் சீனியைச் சேர்த்து வைத்து விருந்து செய்த நினைவு இருக்கும்.

தடைக்காலத்து மேசை

நான் ஆண்டு ஆறில் சேர்ந்தது 1990 இல். அந்த ஆண்டு நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் எரிபொருள், மின்கலம், சவர்க்காரம் முதலாகப் பல பொருள்கள் வராமல் போயின. வந்தவையும் பன்மடங்கு விலையில் விற்கப்பட்டன. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை எமது. குளிர்சாதனப் பெட்டிகள் அலுமாரிகளாயின. கொழும்புச் சோடா வெறும் பேச்சாயிற்று. சீனி, வீட்டில் அளந்து எடுக்கும் பொருளாயிற்று.

ஆனாலும் விழாக்கள் நிற்கவில்லை. அதற்கு ஆசிரியைகளின் பிடிவாதமே காரணம். பிரியாவிடைக்கு ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டு மரத்துத் தேசிக்காய் கொண்டுவருவாள். சீனி போதாதபோது பனங்கட்டியை இடித்துக் காய்ச்சி வடித்துப் பாணியாக்கினோம். பானத்தின் நிறம் கறுத்திருந்தது. இஞ்சியும் ஏலமும் சேர்த்தபோது அது பானகத்தின் சுவைக்கு வந்தது. றோஸ் சிரப் இல்லாத குறையைச் செவ்வரத்தம்பூ தீர்த்தது. பூவிதழ்களைக் கொதிநீரில் போட்டால் மங்கலான ஊதாச் சாறு வரும். தேசிப்புளி பட்டதும் அது பளிச்சென்ற சிவப்பாக மாறும். அமிலம், காரம் காட்டும் காட்டியாக விஞ்ஞான அறையில் நாம் பாவித்த பூ அதுவே. மனைப்பொருளியல் ஆசிரியையும் விஞ்ஞான ஆசிரியையும் சேர்ந்து ஒரு கிடாரத்தின் முன் நின்று எமக்குப் பாடம் நடத்திய நாள்கள் அவை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. எமது வகுப்பும் சிதறியது. சிலர் தென்மராட்சியிலும், சிலர் வன்னியிலும், சிலர் பின்னர் கடல் கடந்தும் போயினர். சிலர் இன்று இல்லை. அவர்களோடு நாம் எடுத்த கடைசி விருந்துகளில் இருந்தது பனங்கட்டிப் பாணியும் தேசிக்காய்ப் புளியும் மட்டுமே என்பதை இம்மலரில் பதிவுசெய்ய விரும்புகிறேன். வசதிக் குறைவின் கதையாக மட்டும் இதைப் பார்க்க வேண்டாம். வெளியிலிருந்து எதுவும் வராத காலத்திலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத ஒரு பாடசாலையின் கதை இது.

உப்பும் சீனியும்

அக்காலத்தில் இதே பொருள்கள் உயிரும் காத்தன. 1971 இல் வங்காளதேசப் போரின்போது எல்லையிலுள்ள பொங்காவ்ன் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகவே, வைத்தியர் திலீப் மகலநபிஸ் உப்பையும் குளுக்கோசையும் சோடா உப்பையும் தண்ணீரில் கலந்து பெரிய கலன்களில் வைத்து, நோயாளரின் உறவினரே கிளாஸ் கிளாஸாகப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்த இடத்தில் இறப்பு நாலுக்கும் குறைவாகியது. குடற்சுவரில் குளுக்கோசும் சோடியமும் கைகோத்தே உட்செல்கின்றன. அவற்றின் பின்னே நீரும் செல்கின்றது. எமது நாட்டில் ஜீவனிப் பொதியாகக் கிடைப்பது இதன் வழிவந்ததே. அதிலுள்ள சிற்றேற்று உப்பு, 1784 இல் கார்ல் ஷேலே எலுமிச்சைச் சாற்றிலிருந்து முதன்முதல் பிரித்தெடுத்த அமிலத்தின் உப்பு.

பொதி கிடைக்காதபோது ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கொடுக்கலாம். கரண்டி தலைதட்டியதாக இருக்க வேண்டும். இங்கே அளவே மருந்து. சீனி கூடினால் வயிற்றோட்டம் மோசமாகும். ஆகவே விருந்துக்குக் கலக்கிய பானத்தை நோயாளிப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

இன்றைய மேசை

இலங்கையில் 2005–2006 இல் நடந்த தேசிய ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு காணப்பட்டது. அதன் பின் இத்தொகை ஏறியே வந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் தந்த வழிகாட்டலின்படி, வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் சேர்க்கும் சீனி ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நன்று. அதாவது ஆறு தேக்கரண்டி. எமது நாட்டில் 2016 முதல் போத்தல் பானங்களில் நிறக்குறி இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. சிவப்புக் குறியிட்ட பானத்தில் ஒரு கிளாஸ், அதாவது 200 மில்லிலீற்றர், குடித்தால் 22 கிராமுக்கு மேல் போய்விடும். அன்றைய பங்கு ஏறக்குறைய அந்த ஒரு கிளாஸுடன் முடிந்தது.

சீனி மருந்தாக இருந்த காலத்தில் அதை அளந்தார்கள். அரிதாக இருந்த காலத்திலும் அளந்தார்கள். மலிந்த பின் அளவை மறந்தோம். போத்தலில் வருவதை ஊற்றும்போது அளப்பவர் வேறொருவர். வீட்டில் கலக்கும்போது அளப்பவர் நாம். இவ்வரலாற்றிலிருந்து நான் பெற்ற விடை இதுவே: பானத்தை விடவேண்டியதில்லை, அளவை மீட்டெடுக்க வேண்டும்.

நூற்றாண்டு விருந்துக்கு 50 கிளாஸ் கணக்கில் ஒரு முறையைத் தருகிறேன். 600 கிராம் சீனியை 300 மில்லிலீற்றர் தண்ணீரில் மெல்லிய சூட்டில் கரைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். நன்னாரி மணம் வேண்டுமானால், கழுவி இடித்து உள்நரம்பு நீக்கிய ஒரு பிடி வேரை அந்த 300 மில்லிலீற்றர் சுடுநீரில் இரவு ஊறவிட்டு வடித்து, குறைந்த அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, அதிலேயே சீனியைக் கரைக்கலாம். நெடுநேரம் கொதிக்கவிட்டால் மணம் பறந்துவிடும். இஞ்சியோ செவ்வரத்தம்பூவோ வேண்டியவர் அதைச் சேர்த்து வடிக்கலாம். பாணி நன்கு ஆறட்டும். பரிமாறும் நேரத்துக்குச் சற்று முன் 40 தேசிக்காய் பிழிந்து, விதை நசியாமல் வடித்து, பாணியுடனும் ஒரு தேக்கரண்டி உப்புடனும் சேர்த்து, கொதித்தாறிய தண்ணீரால் பத்து லீற்றராக்குங்கள். ஒரு கிளாஸில் 12 கிராம் சீனியே இருக்கும். ஐஸும் கொதித்தாறிய தண்ணீரில் செய்ததாக இருக்கட்டும். நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் விருந்துகளில் பரவிய அனுபவம் குடாநாட்டுக்கு உண்டு. புளிப்பு பித்தளையையும் செம்பையும் கரைக்கும் என்பதால் மண், கண்ணாடி அல்லது எவர்சில்வர்ப் பாத்திரமே ஏற்றது. நீரிழிவு உள்ளவர்களுக்கென்று பாணி சேர்க்காத, உப்பும் புதினாவும் இட்ட தேசிக்காய்த் தண்ணீரை மேசையின் மூலையில் ஒதுக்காமல் நடுவிலேயே வையுங்கள். எமது ஆசிரியைகளில் பலர் அந்தக் கிளாஸைத்தான் எடுப்பார்கள்.

வெளிநாட்டுக் கிளைகளில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் தேசிக்காய் கிடைக்காவிட்டால் லெமன் போதும். இரண்டும் ஒரு தகப்பன் பிள்ளைகளே. உங்கள் பிள்ளைகளைக் கொண்டு பிழியச் செய்யுங்கள். பனங்கட்டிப் பாணிக் கதையையும் அப்போது சொல்லுங்கள். கட்டடங்களும் கிண்ணங்களும் கல்லூரியில் பத்திரமாக இருக்கின்றன. இந்த ஒன்று மட்டும் எங்கள் கைகளில் இருக்கிறது.

நூறாண்டு கண்ட எமது சங்கமும் எமைப் பெற்றெடுத்த கல்லூரியும் மென்மேலும் வளர்ந்தோங்க இறையருளை வேண்டி நிற்கிறேன்.